வயல்காரர் பரம்பரை

வெல்பர்ன் குடும்பத்தில் யார் யாரை மணந்தார், எந்த ஆற்றங்கரைக் காணி யாருக்குப் போனது, யார் மலேரியாவில் செத்தார் என்பதெல்லாம் கம்சிகாவுக்குத் தன் சொந்தக் குடும்பத்து விவரங்களைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நெல் விதைத்த பெரும் பண்ணைக்காரர்கள் அவர்கள். அவர்கள்மேல் அவளுக்கு ஒரு பிரியமும் கிடையாது. லொறெய்ன் கேட்டதால்தான் தேடினாள்.

லொறெய்ன், அவள் கலியாணம் செய்ய விரும்பிய ஜூலியனின் தாய். சார்ல்ஸ்டன் நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெல்பர்ன் என்ற பெயரைக் கலியாணத்துக்குப் பிறகும் மாற்றாமல், மகனுக்கும் அதையே கொடுத்தவர். அவருடைய முன்னோர் அந்தப் பண்ணையின் அடிமைகள். விடுதலையானபோது அவர்களிடம் வேறு பெயர் இருக்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்கள் அரசாங்கக் குடிசனக் கணக்கில் முதன்முதலாக ஏறியது 1870இல். அதற்கு முந்திய கணக்குகளில் உடையவனின் பெயர் மட்டும் இருக்கும். கீழே, பெண், இருபத்திரண்டு வயது. ஆண், ஐந்து வயது. அவ்வளவுதான். ஆகவே தன் ஆட்களைத் தேட வேண்டுமானால் அவர்களை வைத்திருந்தவர்களைத் தேட வேண்டும். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ஒரு கலியாணம் நடந்தால், மனிதர்களைப் பங்கு பிரிப்பார்கள். பங்கு பிரிக்கும்போது சிலவேளை பெயர் எழுதுவார்கள்.

வெல்பர்ன் வீட்டு மகள் ஒருத்தி லண்டன் வியாபாரி ஒருவனை மணந்து, கம்சிகா இப்போது வாழும் இந்த நகரத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள். அவளுடைய சீதனப் பத்திரம் லண்டனில் எங்கேயோ கிடக்கிறது என்று லொறெய்ன் நம்பினார்.

"நீ விஞ்ஞானம் படித்தவள். உனக்குப் பொறுமை இருக்கும்," என்றார் வீடியோவில்.

கம்சிகாவுக்கு ஆஸ்பத்திரியில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஜூலியன் அங்கேயே பிசியோதெரபிஸ்ட். ஷிப்ட் இல்லாத நாள்களில் அவள் ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பத்திரம் கிடைத்தது. மகளுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அதில் எழுதப்பட்டிருந்தன. சோஸ் கிண்ணத்தின் பிடி சற்று நெளிந்தது என்றுகூட இருந்தது. மனிதர்களுக்கு ஒரே வரி: மேல் பண்ணையில் உள்ள ஆட்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. அவள் திரும்பவும் படித்தாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு வெளியே போய், மழையில் நின்றாள்.

அவளுடைய அப்பா கனகலிங்கத்துக்கு வேறுவிதமான தேடல் தெரியும். ஊரை விட்டு லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பிறகும் அவருடைய போன் ஓயவில்லை. லண்டனில் தமிழர் வீடு எதிலாவது கலியாணம் பேசினால், மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், தாயின் தகப்பன் ஆர். சோபாவை விட்டு எழும்பாமல் ரொறொன்ரோவுக்கு ஒரு அழைப்பு, ஊருக்கு ஒரு அழைப்பு. பின்னேரத் தேநீர் ஆறுவதற்குள் ஏழு தலைமுறை வந்து சேரும். சாதியின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. "எங்கட ஆக்கள்தான்," என்பார். அல்லது, "அவை வேற," என்பார். அதோடு அந்தக் கலியாணப் பேச்சு நின்றுபோகும்.

சொந்த மகளின் விஷயத்தில் அவருக்கு அடிக்க ஒரு நம்பரும் இருக்கவில்லை.

"அமெரிக்காவில நான் ஆரைப் பிடிச்சு விசாரிக்கிறது? வெள்ளை மாளிகைக்கு அடிக்கட்டே?" என்று கத்தினார்.

"அடியுங்கோவன். உங்கட போன்தானே," என்றாள் அவர் மனைவி தவமலர். நாற்பது வருடமாக அவரோடு வாழ்ந்தவள்.

அதன்பிறகு அவர் மகளோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்துகொண்டே, "உன்ர மகளிட்டைச் சொல்லு, அந்தச் சம்பலை இஞ்சால தரட்டாம்," என்பார். தவமலர், "பிள்ளை, சம்பலாம்," என்பாள். கம்சிகா தள்ளி வைப்பாள். இப்படியே மாதங்கள் போயின.

கவுன்சிலில் பதிவு செய்துகொள்வோம், சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்று ஜூலியன் சொன்னான். அவள் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுக்குப் பெரிய கடவுள் நம்பிக்கை ஒன்றும் கிடையாது. மணவறையில் அப்பா அவளுடைய கையை எடுத்து ஜூலியனின் கையில் வைக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. ஒற்றைப் பிள்ளை. அவர் அந்தக் கையைப் பிடிக்காமல் போனால், பிறகு வாழ்நாள் முழுவதும் பிடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்ட ஆள்.

காப்பகத்திலிருந்து வந்த அன்று, லொறெய்னுக்கு அனுப்புவதற்காக ஒரு பெரிய தாளில் வெல்பர்ன்களின் வம்சத்தை வரைந்தாள். ஐந்து தலைமுறை, நடுவில் பெரிய பண்ணைக்காரன் தோமஸ் வெல்பர்ன். நிலத்தின் அளவு, தேவாலயம், கப்பலில் லண்டனுக்குப் போன நெல். சாப்பாட்டு மேசையில் தாளை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பெடியன்ர ஆக்களோ?"

மாதக் கணக்குக்குப் பிறகு அவளை நேரே பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அவள் தலையில் துவாயோடு நின்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பேர்தான், அப்பா," என்றாள்.

"நெல்லு விதைச்ச ஆக்களே?"

"ஓம்."

"வயல்காரர்," என்றார் அவர், தனக்குள். பிறகு சமையலறையில் நின்ற தவமலரின் பக்கம் திரும்பி, "இஞ்சரும், இவை வயல்காரர்!" என்றார். பொய்ச் சாட்சி சொன்னதுபோல் கம்சிகாவுக்கு இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் அவர் போன்களை அடிக்கத் தொடங்கிவிட்டார். முதலில் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் தங்கை சிவனேஸ்வரிக்கு. ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

"என்னண்ணை, பெடியன் கறுவலாமே? உண்மையே? இஞ்ச கோயிலில எல்லாரும் என்னைப் பிடிச்சுக் கேக்கினம். நான் எந்த முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறது?"

"நீ உன்ர முகத்தை வைச்சுக்கொண்டு நில். நான் விசாரிச்சுப் போட்டன். நாலாயிரம் ஏக்கர் வயல். லண்டனுக்குக் கப்பலில நெல்லு அனுப்பின ஆக்கள். உன்ர மனிசன்ர ஆக்கள் என்னத்தை அனுப்பினவை?"

சிவனேஸ்வரி அந்தப் பேச்சை விட்டாள். பிறகு, "அது சரி, நிறம்?" என்றாள் மெல்ல.

"அங்க வெய்யில் கூட," என்றார் கனகலிங்கம்.

கம்சிகா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. உடனே சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேரின் வம்சத்தையும் துருவி எடுத்த மனிதருக்கு, ஒரு கறுப்பு அமெரிக்கனுக்கு எப்படி வெள்ளைப் பண்ணைக்காரன் பெயர் வந்தது என்று தோன்றவே இல்லையா? விரும்பியதை நம்புகிறார் என்று நினைத்தாள். அவள்தான் அந்த விருப்பத்தை அவர் கையில் கொடுத்தாள்.

மண்டபம் பதிவானது. ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. தவமலர் கூறைப் புடவைக்குக் கடை கடையாக ஏறினாள். ஜூலியனை வீட்டுக்குக் கூப்பிட்டு, "வாரும் தம்பி, இரும்," என்று கனகலிங்கம் சோபாவில் தன் பக்கத்து இடத்தையே கொடுத்தார். ஜூலியன் அவரை மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். அவருடைய முழங்கால் நோவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தான். "உன் அப்பா நல்ல மனிதர். நீ சும்மா பயந்திருக்கிறாய்," என்றான் பஸ் நிறுத்தத்தில். அவள் அவனிடமும் சொல்லவில்லை.

பிறகு அழைப்பிதழின் அச்சுப்படி வந்தது. நம்மவர் அழைப்பிதழில் ஊர் இருக்கும், பேரன் பேத்தி முறை இருக்கும். பெண் பக்கம், அளவெட்டி காலஞ்சென்ற உடையார் வேலுப்பிள்ளையின் பூட்டப்பிள்ளை என்று, வெள்ளைக்காரர் காலத்து ஊர் அதிகாரியின் பட்டத்தோடு தொடங்கியது. மாப்பிள்ளை பக்கம் அதே அளவு எழுத்தில், அதே பொன் நிறத்தில் இருந்தது: அமெரிக்கா, தென் கரோலினா, காலஞ்சென்ற பெருநிலக்கிழார் தோமஸ் வெல்பர்ன் அவர்களின் வழித்தோன்றலும், திருமதி லொறெய்ன் வெல்பர்ன் அவர்களின் ஏக புத்திரனுமான திருநிறைச்செல்வன் ஜூலியன்.

கம்சிகா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இந்த வரி..."

"ஏன், எழுத்துப் பிழையே?"

"இல்லை."

"அப்ப சரி. லொறெய்ன் அம்மா வந்து பாத்த உடன அடிக்கக் குடுப்பம்."

லொறெய்ன் வந்த காலை, தானே விமான நிலையத்துக்குப் போய்ச் சம்பந்தியை அழைத்து வர வேண்டும் என்று கனகலிங்கம் பிடிவாதமாக நின்றார். ஜூலியனுக்கு டியூட்டி, நேரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அப்பாவும் மகளும் மட்டும் காரில். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று கம்சிகாவுக்குத் தெரிந்தது. ஹீத்ரோ போகும் வழியெல்லாம் நெரிசல். கார் ஊர்ந்தது.

"அப்பா, அந்த வெல்பர்ன் ஆக்கள்..."

"அந்த லொறியைப் பார். இன்டிக்கேற்றர் போடாமத் திருப்பிறான்."

"அப்பா, நான் வரைஞ்ச தாள்..."

"அது பத்திரமா இருக்கு. லமினேட் பண்ணிப் போட்டன்."

"அது வந்து..."

"உனக்குப் பசிக்குதே? டாஷ்போர்ட்டுக்க பிஸ்கட் கிடக்கு."

அவள் பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். சின்ன வயதிலிருந்தே வகுப்பில் விடை தெரிந்தாலும் கையை உயர்த்தாத பிள்ளை அவள். இன்றும் அதே பிள்ளைதான் என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக வந்தது. கார் நிறுத்துமிடத்தின் தடுப்பு மேலே எழும்பியது. சொல்லவில்லை.

லொறெய்ன் உயரமான பெண். வெள்ளைத் தலை. கம்சிகாவை அணைத்து நெடுநேரம் விடவில்லை. பத்திரத்தில் பெயர் இல்லை என்பதைக் கம்சிகா முன்பே எழுதியிருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "நீ போய்ப் பார்த்தாய். அது போதும்," என்றார் காதுக்குள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜூலியனும் வந்து சேர்ந்தான். தவமலர் இறைச்சிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, பொரியல் என்று மேசையை நிரப்பியிருந்தாள். லொறெய்ன் தன் பையிலிருந்து ஒரு சிறு துணிப்பையை எடுத்துக் கனகலிங்கத்திடம் நீட்டினார். உள்ளே அரிசி.

"எங்கள் பக்கத்தில் விளைந்தது. என் ஆட்கள் இதைத்தான் விளைவித்தார்கள்."

கனகலிங்கம் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். "நல்ல அரிசி," என்றார் தமிழில். பிறகு தன் கடைக்கார இங்கிலீசில் உற்சாகமாகத் தொடங்கினார். "நாங்களும் அதேதான். நாங்களும் நெல்லு. எங்களுக்கும் பெரிய வயல் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். உங்களைப்போல்."

லொறெய்ன் கரண்டியை வைத்தார். "ஆட்கள் என்றால்?"

"வேலைக்கு. குடும்பத்தோடு இருக்கிற ஆட்கள். என் தகப்பனின் காலத்தில், அவருக்குத் தகப்பனின் காலத்தில். கந்தன் என்று ஒருவன். விடிய முதல் வயலில் நிற்பான். தங்கமான மனிதன்."

"அவருடைய முழுப் பெயர் என்ன?"

"கந்தன்."

"கந்தன்... யாருடைய மகன்?"

கனகலிங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் உள்ளவர்களின் பாட்டன் பூட்டன்களை நாக்கு நுனியில் வைத்திருந்த மனிதர் அவர். கண் மேலே போய், தேடி, வெறுமையாகத் திரும்பியது.

"வெறும் கந்தன்," என்றார்.

"பிள்ளைகள்?"

"இருந்தன. இரண்டோ மூன்றோ."

"அவருக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையிலதான் குடுக்கிறது," என்றாள் தவமலர் திடீரென்று தமிழில், யாரையும் பார்க்காமல். "நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசில கோப்பையில குடுத்துப்போட்டு ஏச்சு வாங்கினனான்."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஜூலியன் கேட்டான்.

கம்சிகா அதை இங்கிலீசில் சொன்னாள். லொறெய்ன் கையைத் துடைத்துக்கொண்டார். தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்றினால் போதும் என்று கனகலிங்கம் எழும்பினார். அலுமாரியிலிருந்து அச்சுப்படியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் சம்பந்தியிடம் கொடுத்தார். "எங்கள் முறைப்படி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பெயரும் போட்டிருக்கிறது."

லொறெய்ன் பொன் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பிறகு கம்சிகாவிடம் நீட்டினார். "அழகாக இருக்கிறது. எங்கள் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டு, மகளே."

மேசையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வரியைத் தாண்டிப் போனால் போதும். அந்த மேசையில் அதை வாசிக்கத் தெரிந்த மற்ற இருவரும் வாய் திறக்கப்போவதில்லை. அப்பாவின் கண் அதைத்தான் கெஞ்சியது. தாண்டினால் மண்டபம் இருக்கும், மணவறை இருக்கும், அவளுடைய கையைப் பிடிக்க அந்தக் கை இருக்கும். லொறெய்ன் அந்த அட்டையைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சாகும்வரை தினமும் அதைப் பார்ப்பார்.

அவள் வாசித்தாள். தோமஸ் வெல்பர்ன் அவர்களின் வழித்தோன்றல் என்பதை இங்கிலீசில், தெளிவாக, ஒரு சொல் விடாமல்.

ஜூலியன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "இது உனக்கு எப்போது தெரியும்?"

"தொடக்கத்திலிருந்தே," என்றாள். "அப்பா கேட்டபோது நான்தான் இல்லை என்று சொல்லவில்லை."

அவன் அவளைப் பார்த்த பார்வையை அவள் முன்பு கண்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது.

லொறெய்ன் கையை மகனின் கைமேல் வைத்தார். கனகலிங்கத்தைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவில்லை. "அந்த மனிதன் என் பாட்டியின் பாட்டிக்குத் தகப்பன். உண்மைதான். அவளைப் பெற்றவளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அவனுடைய சொத்து. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயரைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். உங்கள் மகளும் எனக்காகத் தேடினாள். கிடைக்கவில்லை. அவன் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. இப்போது என் மகனின் கலியாண அட்டையிலும்."

கனகலிங்கம் அட்டையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

கம்சிகா பேனாவை எடுத்தாள். தோமஸ் வெல்பர்னின் வரியை வெட்டினாள். கோடு நேராக விழவில்லை.

"சரி, வெட்டு," என்றார் கனகலிங்கம் தமிழில், தணிந்த குரலில். "வெட்டினா அந்தப் பக்கம் வெறுமையா நிக்கும். எங்கட பக்கம் உடையார், அவையின்ர பக்கம் ஒண்டுமில்லை. சனம் கார்டைப் பாத்து என்ன கேக்கும்?"

"அப்ப எங்கட பக்கமும் வேண்டாம்," என்றாள். உடையார் வேலுப்பிள்ளையின் பெயரிலும் கோடு விழுந்தது.

"கம்சி!"

அவர் தன் தகப்பனின் பிணத்தைப் பார்ப்பதுபோல் அந்த அட்டையைப் பார்த்தார். பிறகு எழும்பினார். கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"போ, பிள்ளை," என்றாள் தவமலர். "இண்டைக்கு விட்டா அந்த மனிசன் திரும்பாது."

கம்சிகா சப்பாத்துகூடப் போடாமல் மேசோடுகளோடு ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தியில் 183 பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றார், போவதற்கு இடமில்லாத ஒரு ஆள் நிற்பதுபோல. வெறும் சேர்ட்டு. பக்கத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"நான் முதல் நாளே சொல்லியிருக்க வேணும், அப்பா. அவை அந்தப் பண்ணையில அடிமையா இருந்த ஆக்கள் எண்டு. நீங்கள் நம்பிப்போட்டியள். நான் பேசாம இருந்திட்டன்."

"நம்பினனானோ?" அவர் பஸ் வரும் திசையையே பார்த்துச் சொன்னார். "என்னை விசரன் எண்டு நினைச்சியே? இந்த நாட்டில முப்பது வருஷம் கடை வைச்சனான். அமெரிக்காவில கறுத்த ஆக்களுக்கு எப்பிடி அந்தப் பேர் வந்ததெண்டு எனக்குத் தெரியாதே? தாளைப் பாத்த உடன தெரியும்."

"அப்ப ஏன்?"

"உன்ர மாமியார் ஆர் எண்டு சனம் கேக்கும். கேட்டா எனக்கு ஒரு மறுமொழி வேணும். ஒரு மறுமொழி இருந்தா எங்கட சனம் ரண்டாம் கேள்வி கேக்காது. நான் கேட்ட ஆள், எனக்குத் தெரியும்." முகத்தைத் துடைத்தார். மழையா வேறேதுமா என்று தெரியவில்லை. "நீ வாயால சொல்லாத வரைக்கும் நானும் தெரியாத ஆளா இருக்கலாம். அதுதான் காரில உன்னைக் கதைக்க விடேல்லை."

"நான் அண்டைக்கே சொல்லியிருந்தா?"

"கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்லியிருக்க மாட்டன்."

"இப்ப?"

பஸ் வந்து கதவைத் திறந்தது. தள்ளுவண்டிக்காரி ஏறினாள். சாரதி கனகலிங்கத்தைப் பார்த்தான். அவர் ஒரு காலை நடைபாதை விளிம்பில் வைத்தார். கம்சிகா அவருடைய சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஈரத் துணி கைக்குள் சுருண்டது. விட்டால் போய்விடுவார் என்பது மட்டும்தான் தெரிந்தது. பஸ் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனது.

"சேர்ட்டை விடு. கிழியப்போகுது," என்றார்.

அவள் விடவில்லை.

"அந்தப் பெடியன் என்ன சொல்லுறான்?"

"தெரியாது. என்னோட கதைப்பானோ தெரியாது."

"உன்னையும் கெடுத்து என்னையும் கெடுத்து," என்றார். யாரைச் சொன்னார் என்று விளங்கவில்லை. "திரும்பிப் போனா அந்த மனிசிக்கு முன்னால நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"கந்தனைப் பற்றிக் கதையுங்கோ."

"எனக்கு அவனைப் பற்றி என்ன தெரியும்? வயலில நிண்டான். செத்துப்போனான். எந்த வருஷமெண்டும் தெரியாது. வேற ஒண்டும் தெரியாது எனக்கு."

"அதைச் சொல்லுங்கோ."

கனகலிங்கம் திரும்பி முதல் தடவையாக அவளைப் பார்த்தார். அடுத்த பஸ் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அதைச் சொன்னா அவ என்னை என்ன ஆளெண்டு நினைப்பா?"

கம்சிகா சேர்ட்டைப் பிடித்தபடியே நின்றாள். கொஞ்சநேரம் போக அவர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார், மெதுவாக, முழங்கால் நோவோடு, சொல்லப்போவதை இங்கிலீசில் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு.